இரத்தப்பழியும் தற்காப்புரிமையும்: அமெரிக்கக் கிறிஸ்தவ விவாதம் பற்றிய ஓர் ஆய்வு

தன்னைக் கொல்ல வருபவனைக் கிறிஸ்தவன் கொல்லலாமா என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. அம்புரோஸ், அகஸ்தீன் ஆகியோர் காலந்தொட்டு அது கேட்கப்பட்டு வருகிறது. ஆயினும் கடந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வினாவோடு மற்றொரு வினாவும் சேர்ந்துகொண்டுள்ளது. தற்காப்புக்காகக் கொன்றேன் என்று சொல்லுகிறவன் அக்கொலைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே அது. வேண்டாம் என்னும் திசையில் அந்நாட்டு மாநிலச் சட்டங்கள் பல நகர்ந்துவிட்டன. அந்நகர்வுக்குத் திருமறையின் ஆதரவு உண்டு என்று சொல்லும் கிறிஸ்தவ ஆசிரியர்களும் அங்கே உளர்.

இவ்விவாதம் நமக்கு அயலது என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அமெரிக்க ஆசிரியர்களின் இறையியல் நூல்கள் நம் ஊழியர் பலருடைய மேசைமேல் இருக்கின்றன. ஒழுக்கவியலில் அவர்கள் சொல்வதும் அவற்றோடு சேர்ந்தே வந்து சேருகிறது. அமெரிக்காவிற் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களோ, ஆலய வாசலில் ஆயுதந்தாங்கிய காவலர் நிற்கலாமா என்று தாங்களே தீர்மானிக்க வேண்டியவர்களாய் இருக்கிறார்கள். எனவே, அவ்வாசிரியர்கள் காட்டும் திருமறைச் சான்றுகள் அவர்கள் சொல்வதைத் தாங்குகின்றனவா என்று இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. சட்டத்தின் போக்கு

ஆங்கில நாட்டின் பழைய பொதுச் சட்டம் இரண்டு கொள்கைகளைச் சேர்த்தே வைத்திருந்தது. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை. அதற்குள் இருப்பவன் எங்கும் ஓட வேண்டியதில்லை. 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்குத் தீர்ப்பு இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. வீட்டுக்கு வெளியிலோ, சண்டையில் அகப்பட்டவன் பாதுகாப்பாய் விலகிச் செல்லக் கூடுமாயின் விலகவேண்டும். வேறு வழி இல்லாதபோதே எதிரியின் உயிருக்கு ஊறு விளைக்கலாம். இதனைப் பின்வாங்கும் கடமை என்பர்.

அமெரிக்காவில் இக்கடமை 19ஆம் நூற்றாண்டிலேயே தளரலாயிற்று. 1876இல் ஒஹையோ மாநில உச்ச நீதிமன்றமும், 1877இல் இந்தியானா மாநில உச்ச நீதிமன்றமும், குற்றமற்றவன் தாக்கப்படும்போது பின்வாங்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தன. 2005ஆம் ஆண்டு புளோரிடா மாநிலம் இயற்றிய சட்டம் இதற்கும் அப்பாற் சென்றது. அதன்படி, தான் இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் ஒருவன் பின்வாங்க வேண்டியதில்லை. வீட்டிலோ, ஆள் இருக்கும் வாகனத்திலோ ஒருவன் பலவந்தமாய் நுழைந்தால், உள்ளே இருப்பவன் உயிருக்கு அஞ்சினான் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். எல்லாவற்றிற்கும் மேலாக, இச்சட்டத்தின்படி ஆயுதம் பயன்படுத்தியவனுக்குக் குற்றவழக்கு, உரிமைவழக்கு ஆகிய இரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வழக்கு விசாரணைக்கு முன்னரே அவ்விலக்கு அவனுக்கு இல்லையென்று தெளிவான சான்றுகளால் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பின்மேல் வைக்கப்பட்டது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பின்வாங்கும் கடமை இவ்வாறு நீங்கிவிட்டது.

இதற்கு இணையாக ஆயுதம் ஏந்தும் உரிமையும் விரிந்தது. 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாம் அரசியற் சட்டத்திருத்தம் தனிமனிதனுக்கு வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் அவ்வுரிமை வீட்டுக்கு வெளியிலும் உண்டு என்றது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம்.

விளைவு என்ன? புளோரிடா மாநிலத்தில் இச்சட்டத்துக்குப் பின் மாதந்தோறும் நிகழும் மனிதக் கொலைகளின் விகிதம் 24.4 சதவீதம் உயர்ந்ததென்று 2017இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியான கட்டுரை காட்டியது. 2000 முதல் 2010 வரை இத்தகைய சட்டங்களை இயற்றிய மாநிலங்களை ஆராய்ந்த இரு பொருளியல் அறிஞர்கள், கொலைகள் ஏறக்குறைய 8 சதவீதம் கூடினவென்றும், திருட்டும் வழிப்பறியும் குறையவில்லையென்றும் 2013இல் எழுதினர். குற்றவாளி அஞ்சுவான் என்பதே இச்சட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். அவ்வச்சத்தின் அடையாளம் இக்கணக்கில் இல்லை.

எண்களைவிட இரண்டு மரணங்கள் நமக்கு அதிகம் விளக்கும். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் புளோரிடாவின் சான்போர்டு நகரில் டிரேவன் மார்ட்டின் என்னும் 17 வயதுக் கறுப்பின இளைஞன் ஆயுதமின்றி நடந்துசெல்கையில், குடியிருப்பைக் காவல்புரிந்த தொண்டர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தான். சுட்டவர் ஆறு வாரங்களுக்கு மேலாகக் கைதுசெய்யப்படவில்லை, 2013இல் விடுதலையானார். அவருடைய வழக்கறிஞர்கள் வழக்கு விலக்குக் கோரவில்லையெனினும், பின்வாங்கும் கடமை இல்லை என்பது ஜூரிமாருக்கு நீதிபதி தந்த அறிவுரையில் இடம்பெற்றிருந்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் பிரன்ஸ்விக் நகருக்கருகில் அகமது ஆர்பரி என்னும் கறுப்பின இளைஞர் ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருக்கையில், அவரைத் திருடனென்று ஐயுற்ற மூவர் வாகனங்களில் துரத்த, அவர்களுள் ஒருவர் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்றனர் அவர்கள். ஒளிப்பதிவு வெளியாகும்வரை கைது நடக்கவில்லை. 2021இல் மூவரும் குற்றவாளிகளென்று தீர்ப்பாயிற்று. அவர்கள் துணைக்கழைத்த குடிமக்கள் கைதுசெய்யும் சட்டம், அடிமை முறை நிலவிய 1863ஆம் ஆண்டில் எழுதப்பட்டது; அதுவும் 2021இல் நீக்கப்பட்டது. இம்மரணம் நிகழ்ந்தது பட்டப்பகலில் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். அதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

2. சபைக்குள் எழுந்த விவாதம்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாட்களுக்குப் பின், வர்ஜீனியாவிலுள்ள லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் இளைய ஜெரி ஃபால்வெல், துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் பெறுமாறு மாணவர்களை ஊக்கப்படுத்தினார். அதே மாதத்தில் மினியாபொலிஸ் நகரின் போதகராயிருந்த ஜான் பைப்பர் அதனை மறுத்து விரிவாக எழுதினார். இவ்விருவருக்கும் முன்னரே, வெய்ன் குருடெம் என்னும் இறையியலாளர் 2010இல் வெளியிட்ட அரசியல் பற்றிய நூலில், தற்காப்புக்காக ஆயுதம் வைத்திருப்பது திருமறைக்கு இசைந்ததென்று வாதாடியிருந்தார்.

குருடெமின் வாதம் மரியாதைக்குரியது. அவர் வன்முறையைப் புகழவில்லை. தீயவனிடமிருந்து மனைவி மக்களைக் காப்பதும் அன்பின் கடமையே என்கிறார். மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டும் கட்டளை அவமதிப்பைப் பற்றியதேயன்றி உயிராபத்தைப் பற்றியதன்று என்கிறார். பைப்பரோ, கிறிஸ்தவ வாழ்வு முழுவதன் மனப்பாங்கைப் பற்றிப் பேசுகிறார். துன்புறுதலைக் கிருபையாக ஏற்கவும், பழிவாங்காது நன்மை செய்யவும் அழைக்கப்பட்ட மக்களை ஆயுதம் ஏந்துமாறு ஊக்குவிப்பது புதிய ஏற்பாட்டின் தொனிக்கே மாறானது என்பது அவர் கருத்து. இதில் அவரோடு நாம் பெரிதும் உடன்படுகிறோம்.

எனினும் இருவரிடமும் ஒரு பொதுக் குறை உண்டு. ஒருவர் கொல்லும் உரிமையைப் பற்றியும், மற்றவர் கொல்லாத உள்ளத்தைப் பற்றியும் பேசுகின்றனர். கொல்லப்பட்டவனைப் பற்றிய பேச்சோ இரண்டிலும் சுருங்கிவிடுகிறது. சிந்தப்பட்ட இரத்தத்துக்கு யார் பொறுப்பு, அதனை யார் விசாரிப்பது என்பதே திருமறை முதலில் எழுப்பும் வினா. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லும் நூல் அது. இந்த வினாவோடு, வழக்கமாய் எடுத்துக்காட்டப்படும் பகுதிகளை வாசிப்போம்.

3. திருமறைப் பகுதிகள்

(அ) யாத்திராகமம் 22:2–3

இரவில் வீடு புகும் திருடனை அடித்துக் கொன்றால் இரத்தப்பழி இல்லை என்னும் விதி இங்குண்டு. தற்காப்புரிமைக்கு முதற் சான்றாக எல்லாரும் காட்டுவது இதுவே. எபிரேய மூலத்தில் வரும் சொல் சுவரைத் தோண்டி நுழைவதைக் குறிப்பது. நம் மொழிபெயர்ப்பாளர் அதற்குக் கன்னமிடுதல் என்னும் சொல்லை எடுத்தது மிகப் பொருத்தம். கன்னக்கோலோடு வருபவனை நம் முன்னோரும் அறிவர். மண்சுவர் வீட்டில், விளக்கில்லா இருளில், வந்தவன் பொருளுக்கு வந்தானா, உயிருக்கு வந்தானா என்று அறிய வழியில்லை. கூப்பிட்டால் வர அயலார் விழித்திருப்பதுமில்லை.

ஆனால் விதி அங்கே முடியவில்லை. சூரியன் உதித்தபின் அவனைக் கொன்றால், கொன்றவன்மேல் இரத்தப்பழி உண்டு என்று அடுத்த வசனம் கூறுகிறது. திருடன் தான் எடுத்ததை ஈடுசெய்ய வேண்டும். இயலாவிடில் அதற்காக விற்கப்படவேண்டும். அதாவது, அவன் உயிரோடிருந்து நியாயத்துக்கு முன் நிற்கவேண்டியவன். இவ்விதியின் அருமையை அக்காலத்துப் பிற சட்டங்களோடு ஒப்பிட்டே உணரமுடியும். ஹமுராபியின் சட்டத் தொகுப்பில் 21ஆம் விதி, வீட்டில் துளையிட்டவனை அத்துளைக்கு முன்பாகவே கொன்று தொங்கவிடுமாறு கட்டளையிடுகிறது; அங்கே இரவுமில்லை, பகலுமில்லை. பிற்கால ரோமரின் பன்னிரு பலகைச் சட்டம் இரவுத் திருடனையும் பகல் திருடனையும் வேறுபடுத்தியது. பகலில் வந்தவன் ஆயுதத்தால் எதிர்த்தாலன்றிக் கொல்லலாகாது என்றது. மோசேயின் நியாயப்பிரமாணமோ திருடனின் இரத்தத்தையும் இரத்தமென்றே எண்ணுகிறது.

எனவே இப்பகுதி தரும் அளவுகோல் சூரியன். உன்னால் பார்க்க முடிந்ததா? அவன் யாரென்று அறிய முடிந்ததா? உதவிக்குக் கூப்பிட முடிந்ததா? வேறு வழி இருந்ததா? பழைய சட்டத்தின் பின்வாங்கும் கடமை இவ்வினாக்களையே வேறு சொற்களில் கேட்டது. புளோரிடாச் சட்டமும் அச்சம் நியாயமானதாயிருக்க வேண்டும் என்கிறது, மெய்தான். ஆனால் வேறு வழி இருந்ததா என்னும் வினாவை அது நீக்கிவிட்டது. வீட்டுக்குள்ளே அச்சத்தையும் தானே அனுமானித்துக்கொண்டது. யாத்திராகமத்தின் இரண்டாம் வசனத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் வசனத்தை அழிக்கும் செயல் இது. ஆர்பரியின்மேல் பிப்ரவரி மாதத்து நண்பகற் சூரியன் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கையில் ஆயுதமுமில்லை, திருடிய பொருளுமில்லை.

(ஆ) எண்ணாகமம் 35

விவாதத்தில் அரிதாகவே எடுத்துக்காட்டப்படும் பகுதி இது. ஆயினும் மிகவும் தேவையானது. பகையின்றி, கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடிப்போகலாம். அவன் கொலைபாதகன் அல்லன். அப்படியிருந்தும் சபைக்கு முன்பாக நியாயம் விசாரிக்கப்படாமல் அவன் தப்புவதில்லை. குற்றமற்றவனென்று தீர்க்கப்பட்ட பின்னும், பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை அப்பட்டணத்திலேயே தங்கவேண்டும். தற்காப்புக் கொலை இதனின்று வேறுபட்டதே. ஆயினும் அடிப்படை ஒன்று. குற்றமற்ற கொலையும் கொலைதான். அது ஊராரின் முன் சொல்லப்பட வேண்டும். அதைச் செய்தவன் வாழ்வில் அது ஒரு தடத்தை விட்டுச்செல்லும். விசாரணைக்கு முன்பே விலக்கு என்னும் கருத்துக்கு இந்நூலில் இடமேயில்லை. அடைக்கலப் பட்டணமும் விசாரணை முடியும்வரை காக்கும் இடமேயன்றி, விசாரணையைத் தவிர்க்கும் இடமன்று.

(இ) நெகேமியா 4

ஒரு கையால் வேலைசெய்து மறு கையில் ஆயுதம் பிடித்த மக்களின் காட்சி ஆயுதந்தாங்கிய குடிமக்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நெகேமியா பாரசீக மன்னனால் அதிகாரம் பெற்று வந்தவன்; மக்களை அணிவகுத்து நிறுத்தியவன் அவனே; எக்காளம் ஊதுபவன் அவன் அருகில் நின்றான். அவரவர் அச்சத்தின்படி அவரவர் வாள் உருவியதாக அங்கே இல்லை. அவ்வாயுதங்கள் ஒருவன்மேலும் பாய்ந்ததாகவும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் நெகேமியா கடிந்துகொள்வது வெளிப்பகைவரையன்று. சொந்தச் சகோதரரிடம் வட்டி வாங்கிய பிரபுக்களையே. நகரின் பாதுகாப்பு மதிலோடு முடிவதில்லை என்பதை அந்நூலாசிரியர் அறிந்திருந்தார்.

(ஈ) லூக்கா 22:35–38, 49–51

கடைசி இராப்போஜனத்தின்பின், பட்டயம் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்றாகிலும் ஒன்றை வாங்கவேண்டும் என்று ஆண்டவர் கூறுகிறார். சீஷர் இரண்டு பட்டயங்கள் இருப்பதாகச் சொல்ல, போதும் என்கிறார். இப்பகுதியின் வியாக்கியான வரலாறே நமக்கு எச்சரிக்கை. 1302இல் போப் எட்டாம் போனிபாஸ், ஆவிக்குரிய அதிகாரம், உலக அதிகாரம் ஆகிய இரண்டும் திருச்சபையின் வசமே என்பதற்கு இவ்விரண்டு பட்டயங்களையே ஆதாரமாக்கினார். அவ்வாசிப்பை நாம் ஏற்பதில்லை. கைத்துப்பாக்கிக்கு ஆதாரமாக்கும் வாசிப்பை மட்டும் ஏன் எளிதில் ஏற்கவேண்டும்?

வழிப்பறிக்காரருக்கெதிரான தற்காப்புக்கே பட்டயம் சொல்லப்பட்டது என்கிறார் குருடெம். ஆனால் காரணத்தை 37ஆம் வசனமே கூறிவிடுகிறது. அக்கிரமக்காரரில் ஒருவராக எண்ணப்படுவார் என்னும் ஏசாயா 53ஆம் அதிகாரத்து வாக்கு தம்மில் நிறைவேற வேண்டியதாலேயே ஆண்டவர் அவ்வாறு பேசினார். பட்டயம் அங்கே கள்வரைத் துரத்தும் கருவியாக வரவில்லை. அக்கிரமக்காரரோடு எண்ணப்படுதலின் அடையாளமாகவே வருகிறது. கால்வின் முதலிய உரையாசிரியர்கள் இதனை உருவகமாகவே கொண்டு, சீஷர் அதனைச் சொல்லளவில் எடுத்துக்கொண்டதை அவர்களுடைய மந்தபுத்தியென்றனர். போதும் என்னும் சொல்லும் எண்ணிக்கையைக் குறித்ததன்று, பேச்சை நிறுத்துவது என்பர் பலர். உபாகமம் 3:26இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் மோசேயின் வேண்டுதலை நிறுத்தக் கர்த்தர் கூறும் மறுமொழியிலும் அதே சொல்லின் வடிவம் வருகிறது.

பட்டயத்தின் பொருளை அறியச் சிறந்த வழி, அது பயன்படுத்தப்பட்டபோது நடந்ததைப் பார்ப்பதே. இரவு நேரம், ஆயுதந்தாங்கிய கூட்டம், அன்பிற்குரிய ஒருவர் ஆபத்தில் இருக்கிறார், சீஷர் இருந்ததோ அவர்கள் வழக்கமாய்த் தங்கும் தோட்டம். வந்தவர்கள் அதிகாரிகளின் ஆட்கள் என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இன்றைய தற்காப்புச் சட்டம் கேட்கும் நிபந்தனைகளெல்லாம் அங்கே நிறைவேறியிருந்தன. வெட்டலாமா என்று சீஷர் கேட்டனர். மறுமொழிக்குக் காத்திராமல் ஒருவன் வெட்டினான். ஆண்டவர் தடுத்தார், வெட்டுண்டவனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். இக்குணமாக்குதலைச் சொல்லும் சுவிசேஷகர் லூக்கா ஒருவரே. பட்டயம் வாங்கச் சொன்னதைச் சொன்னவரும் அவர் ஒருவரே. இரண்டையும் சேர்த்து வாசிக்குமாறு அவர் நம்மை நிர்ப்பந்திக்கிறார். இருளில் சிந்தும் இரத்தத்துக்குப் பழியில்லை என்றது நியாயப்பிரமாணம். மீட்பரோ அவ்விருளிலும் பகைவனின் இரத்தத்தைக் கணக்கில் எடுத்தார்.

4. திருச்சபையின் மரபு

சபைப் பிதாக்கள் இவ்வினாவில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். வழிப்பறிக்காரன் ஆயுதத்தோடு வந்தாலும், தன்னைக் காக்கத் திருப்பி அடிப்பதால் அன்பு மாசுபடும் என்று அம்புரோஸ் அஞ்சினார். அதே நூலில், அயலானுக்கு நேரிடும் தீங்கைத் தடுக்கக் கூடியவன் தடுக்காவிட்டால் அவனும் குற்றவாளி என்றார். தன்னுயிர் காக்கப் பிறரைக் கொல்வதைத் தாம் ஏற்பதில்லையென்று அகஸ்தீன் பப்ளிகோலாவுக்கு எழுதிய கடிதத்தில் கூறுகிறார். பிறருக்காகச் செயற்படும் போர்வீரனுக்கும் அரசு அலுவலனுக்கும் மட்டுமே விலக்குத் தருகிறார். தாமஸ் அக்குவினாஸ் இக்கண்டிப்பைச் சிறிது தளர்த்தினார். தன்னைக் காப்பதே நோக்கமாயிருந்து, தேவைக்கு மிஞ்சாத பலத்தைப் பயன்படுத்தி, அதனால் எதிரி இறந்தால் அது பாவமன்று. ஆனால் கொல்ல வேண்டுமென்றே நினைப்பது தனிமனிதனுக்கு ஆகாது என்றார். உலக அதிகாரம் பற்றி 1523இல் எழுதிய லூத்தர், தன்பொருட்டுக் கிறிஸ்தவன் தீமையைச் சகிக்கிறான், அயலானின் பொருட்டு அதனைத் தடுக்கிறான் என்று வேறுபடுத்தினார். 17ஆம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை, ஆறாம் கற்பனையின் விளக்கத்தில் தற்காப்பை விலக்காக ஏற்கிறது; ஆயினும் அவசியமான தற்காப்பு என்று வரம்பிட்டே ஏற்கிறது.

இவர்கள் ஒருவரோடொருவர் உடன்படாத இடங்கள் பல. எனினும் அவசியம், அளவு, நோக்கம் ஆகிய மூன்றையும் கேளாமல் இவர்களுள் எவரும் கொலையை ஏற்கவில்லை. போரில் கொன்ற வீரனைக் கொலைகாரனென்று சொல்லாத பேசிலும், மூன்று ஆண்டு திருவிருந்தினின்று விலகியிருக்குமாறு அவனுக்கு ஆலோசனை கூறினார். கொன்ற கை குற்றமற்றதாயினும் ஆறுவதற்குக் காலம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

5. இரண்டு மறுப்புரைகள்

முதலாவது மறுப்புரை ஆலயத்துக்குள்ளிருந்தே வருகிறது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஒயிட் செட்டில்மென்ட் ஊரில், ஆராதனை நேரத்தில் ஒருவன் துப்பாக்கியால் சபையார் இருவரைக் கொன்றான். சபையின் பாதுகாப்புத் தொண்டர் ஒருவர் ஆறே வினாடிகளில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். பலர் உயிர் பிழைத்தனர். அவரைக் குற்றஞ்சாட்ட நமக்கு மனம் வராது. அம்புரோசும் லூத்தரும் அவர் பக்கமே நிற்பர். ஆனால் அச்செயல் விசாரணைக்கு அஞ்சவேண்டிய செயலன்று. பழைய சட்டமும் அவரை விடுவித்திருக்கும். அவரைக் காக்கப் புதிய விலக்குச் சட்டம் தேவையில்லை. மேலும், 2017இல் அதே மாநிலத்தின் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் ஊர் ஆலயத்தில் 26 உயிர்களைப் பறித்தவன், முன்னரே தண்டனை பெற்றவன். அவனுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாதென்பது சட்டம். விமானப்படை அத்தண்டனையை உரிய பதிவேட்டுக்கு அனுப்பத் தவறியதால் அவன் துப்பாக்கி வாங்கினான். ஆலய வாசலில் காவலன் நிற்கவேண்டுமா என்று கேட்குமுன், அத்துப்பாக்கி அவன் கைக்கு எப்படி வந்தது என்று கேட்பதும் சபையின் கடமை.

துப்பாக்கி வாங்கும் வீட்டின் நிலையும் சிந்திக்கத் தக்கது. 2021ஆம் ஆண்டில் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். கள்வனுக்கென்று வாங்கி மேசை இழுப்பறையில் வைத்த ஆயுதம், மனமுடைந்த மகனின் கைக்கும் எட்டும். போதகர்கள் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

இரண்டாவது மறுப்புரை இன்னும் கடினமானது. அரசே காக்காத மக்கள் என் செய்வர்? 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோ ஊரில், வெள்ளை இனவெறியரிடமிருந்து தங்கள் மக்களைக் காக்கக் கறுப்பினத்தார் ஆயுதந்தாங்கிய அமைப்பொன்றைத் தொடங்கி, அதற்கு உதவிக்காரர் என்னும் சபைப் பதவிப் பெயரையே இட்டனர். காவல்துறை எதிரியின் பக்கம் நின்ற ஊர்களில் அவர்களைக் கோழைகளாகும்படி கேட்க நமக்கு உரிமையில்லை. 1956ஆம் ஆண்டு ஜனவரியில் மாண்ட்கோமரி நகரில் தம் வீடு வெடிகுண்டால் தாக்கப்பட்டபின், மார்ட்டின் லூத்தர் கிங் அவர்களே துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கேட்டார், கிடைக்கவில்லை. பின்னர் அகிம்சையில் உறுதிப்பட்டு வீட்டிலிருந்த ஆயுதத்தையும் அகற்றினார். ஆயினும் 1959இல் எழுதுகையில், தற்காப்பு ஒழுக்கக்கேடு என்று அவர் சொல்லவில்லை. சமுதாயத்தை மாற்றும் வழி அதுவன்று என்றே சொன்னார்.

இம்மறுப்புரையை நாம் மதிக்கிறோம். அதை மதிப்பதனாலேயே புதிய சட்டங்களை ஐயுறுகிறோம். காக்கப்படாதவனுக்கு இச்சட்டங்கள் வாள் கொடுக்கவில்லை. அவனைக் கண்டு அஞ்சுகிறவனுக்கே கொடுத்தன. கிங் அவர்களுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. டிரேவன் மார்ட்டினைச் சுட்டவரிடம் உரிமம் இருந்தது. அச்சம் என்பது சமுதாயத்தில் சரிசமமாய்ப் பங்கிடப்பட்டதன்று. யாரைக் கண்டு அஞ்சவேண்டும் என்பதை நிறமும் குலமும் கற்பித்து வைத்திருக்கின்றன. அச்சத்தையே சட்டத்தின் அளவுகோலாக்கினால், கற்பிக்கப்பட்ட வெறுப்பும் அதனோடு சட்டமாகிவிடும். சாதி பிறப்பித்த அச்சங்களை அறிந்த நமக்கு இது விளங்காததன்று.

6. நம் நாட்டுச் சட்டம்

இவ்விடத்தில் நம் நாட்டுச் சட்டத்தை ஒருமுறை நோக்குவது பயன்தரும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்புரிமையை வழங்கியது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறையிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அதனைப் பெரும்பாலும் அவ்வாறே வைத்திருக்கிறது. கோழையைப்போல் ஓடவேண்டும் என்று நம் சட்டமும் கேட்பதில்லை. உச்ச நீதிமன்றம் இதனைப் பலமுறை கூறியுள்ளது. ஆனால் அரசு அலுவலரின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யவும் உரிமை இல்லை. தற்காப்பென்று சொல்பவன் அதனை நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும். பொருளைக் காக்க உயிரை எடுக்கக் கூடிய சில சூழ்நிலைகளுள், சூரியன் மறைந்து உதிக்குமுன் வீட்டை உடைத்து நுழைவதும் ஒன்று. யாத்திராகமத்தின் சூரியன் நம் சட்டப் புத்தகத்திலும் உதிக்கிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம்; 2019இல் ஒருவர் வைத்திருக்கக் கூடிய எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. நம் நாட்டிலும் குறைகள் பல. எளியவனின் தற்காப்பு வாதம் நம் நீதிமன்றங்களில் எவ்வளவு நாள் காத்திருக்கிறது என்பதை அறிவோம். ஆயினும் வினாவைக் கேட்கும் வழக்கத்தை நம் சட்டம் கைவிடவில்லை.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து போதனைக்கும் மேய்ப்புப் பணிக்கும் உரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, திருமறை தற்காப்பை முழுவதும் விலக்கவுமில்லை. அதனை மனிதனின் பெருமைக்குரிய உரிமையாக உயர்த்தவுமில்லை. அது தற்காப்பைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. எனவே ஆயுதம் வைத்திருப்பதை விசுவாசத்தின் துணிவென்றோ ஆண்மையின் அடையாளமென்றோ பிரசங்க பீடத்திலிருந்து பேசுதல் தகாது.

இரண்டாவது, தன்னைக் காத்தலுக்கும் அயலானைக் காத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மக்களுக்குக் கற்பிக்கவேண்டும். பலவீனரைக் காக்க எழுபவனைக் கடிந்துகொள்ளாமல், அவனுக்கு அளவையும் நிதானத்தையும் கற்பிப்பதே மேய்ப்பனின் பணி.

மூன்றாவது, வேறு வழியின்றி ஓர் உயிரை எடுத்துவிட்டவன் நம் சபைக்குள் வந்தால், அவனை வீரனென்று மேடையேற்றவும் வேண்டாம். கொலைகாரனென்று ஒதுக்கவும் வேண்டாம். அவனோடு உட்கார்ந்து, இறந்தவனுக்காகவும் அவனுக்காகவும் துக்கிக்க வேண்டும். அடைக்கலப் பட்டணம் அதற்காகவே இருந்தது.

நான்காவது, தற்காப்பின் பேரால் கொல்லப்பட்டவனுடைய குடும்பத்துக்கும் மேய்ப்பன் வேண்டும். அவன் திருடனாகவே இருந்தாலும், அவன் இரத்தத்தைப் பற்றிக் கேட்க ஒரு நீதிமன்றமும், அவன் தாயோடு ஜெபிக்க ஒரு சபையும் இருக்கவேண்டும். சட்டம் அவ்விசாரணையைத் தவிர்க்க முற்படும் நாட்டில், உன் சகோதரன் எங்கே என்று கர்த்தர் காயீனிடம் கேட்டதை மறவாமல் கேட்பது திருச்சபையின் கடமையாகும்.